டாம் சதுக்கத்துக் கந்தோர்: தமிழ்ப் பள்ளி ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு திறந்த மடல்

நெதர்லாந்தில் வார இறுதிகளில் தமிழ் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களுக்கும், மழையிலும் காற்றிலும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரும் பெற்றோருக்கும்,

வணக்கம்.

போன கோடை விடுமுறைக்கு முன்னால் ஒரு தமிழ்ப் பள்ளியின் பிள்ளைகள் ஆம்ஸ்டர்டாமுக்குச் சுற்றுலா போனார்கள். உதவிக்கு ஆள் வேண்டும் என்று கேட்டதால் நானும் போனேன். டாம் சதுக்கத்தில் ஒரு மணி நேரம் நின்றோம். பிள்ளைகள் புறாக்களைத் துரத்தினார்கள், ஐஸ்கிரீம் சாப்பிட்டார்கள். அரண்மனைக்கு முன்னால் எல்லோரையும் வரிசையாக நிறுத்திப் படம் எடுத்தோம். அதற்குள் படகுக்கு நேரமாகிவிட்டது. கால்வாய்ப் பக்கம் நடந்துகொண்டிருந்தபோது எட்டு வயதுப் பிள்ளை ஒன்று என் கையைப் பிடித்து, "மாமா, ராஜா இந்த வீட்டிலயோ நித்திரை கொள்ளுறவர்?" என்று கேட்டாள். இல்லையம்மா, ராஜா டென்ஹாக்கில் இருக்கிறார், இங்கே விருந்துக்கும் விழாவுக்கும்தான் வருவார் என்றேன். "அப்ப இது ஆற்ற வீடு?" என்றாள்.

அன்று அவளுக்குச் சரியான பதில் சொல்லவில்லை. படகு காத்துக்கொண்டிருந்தது. அந்தப் பதிலை இப்போது உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன். அடுத்த வருடச் சுற்றுலாவில் பிள்ளைகளை அந்த அரண்மனைக் கட்டடத்துக்கு உள்ளே கூட்டிப்போக வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல்.

அது யாருடைய வீடாகவும் கட்டப்படவில்லை. அது ஒரு கந்தோர், அதாவது அலுவலகம்; ஆம்ஸ்டர்டாமின் நகரமன்றமாகக் கட்டியது. யாழ்ப்பாணத்துக் குடும்பங்களில் வயதானவர்கள் இன்றைக்கும் "கந்தோருக்குப் போறன்" என்றுதான் சொல்வார்கள். இங்கே தெருவுக்குத் தெரு பெயர்ப்பலகைகளில் இருக்கிற 'கான்டோர்' என்ற டச்சுச் சொல்தான் அங்கே போய்க் கந்தோர் ஆனது. மேசையின் இழுப்பறையை நாங்கள் சொல்லும் லாச்சியும் இவர்களுடைய 'லாச்சே'தான். தமிழ்நாட்டிலிருந்து வந்த பெற்றோர்களே, உங்கள் துட்டுக்கும் இந்த ஊரின் 'டௌட்' என்ற செப்புக் காசோடு உறவு சொல்வார்கள். ஆக, அந்தக் கட்டடத்தின் வாசலில் பிள்ளைகளை நிறுத்தி முதலில் சொல்ல வேண்டிய சொல் நம் வீட்டிலேயே இருக்கிறது.

நான் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவன். ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், கட்டியது என்றால் எனக்குத் தெரிந்தது ஐந்து மூலைக் கோட்டைதான். அதற்குள்ளே 1706இல் சிலுவை வடிவில் கட்டிய தேவாலயம் ஒன்று இருந்தது. போரில் அது இடிந்து கற்குவியலாகிவிட்டது. இடிந்த சுவர்களையே பார்த்து வளர்ந்த எனக்கு, அதே ஒல்லாந்தர் ஏறத்தாழ அதே காலத்தில் தங்களுக்காகக் கட்டிக்கொண்டது சிதையாமல் நிற்பதைப் பார்த்தபோது வாயடைத்துப் போனது. முதல் தடவை நான் உள்ளே போனது இந்த நாட்டுக்கு வந்து பல வருடங்களுக்குப் பிறகுதான். அத்தனை வருடமும் டிராமில் அதன் பின்புறமாகப் போய்வந்திருக்கிறேன்.

சரி, கதைக்கு வருகிறேன். 1648இல் முன்ஸ்டர் உடன்படிக்கையோடு ஸ்பெயினுக்கு எதிரான எண்பது வருடப் போர் முடிந்தது. நெதர்லாந்து அப்போது ராஜா இல்லாத குடியரசு; நகரங்கள் தங்களைத் தாங்களே ஆண்டன. அதில் பணக்கார நகரம் ஆம்ஸ்டர்டாம். பழைய நகரமன்றம் இடிந்து விழுகிற நிலையில் இருந்தது. புதியதை வரையும் வேலையை யாக்கோப் வான் கம்பன் என்ற கட்டடக் கலைஞரிடம் கொடுத்தார்கள். அந்த ஆண்டு அக்டோபர் 28ஆம் தேதி அடிக்கல் நாட்டியவர்கள், ஆளும் குடும்பங்களைச் சேர்ந்த நான்கு இளையவர்கள். அதில் ஒருவனுக்கு ஆறு வயதுதான். நம் கீழ்வகுப்புப் பிள்ளைகளுக்கு இது பிடிக்கும்.

அஸ்திவாரக் கதை அதைவிடப் பிடிக்கும். ஆம்ஸ்டர்டாம் நிலம் சேறும் களியும். கல்லை வைத்தால் உள்ளே போய்விடும். அதனால் நீளமான மரத்தண்டுகளை, ஆழத்தில் இருக்கும் மணல்படுகையைத் தொடும்வரை அடித்து இறக்கி, அந்தத் தலைகள்மேல் கட்டடத்தை ஏற்றினார்கள். மரம் நிலத்தடி நீருக்குள் முழுக்க மூழ்கியிருக்கும்வரை உக்காது. நீர் இறங்கிக் காற்றுப் பட்டால்தான் ஆபத்து. இந்தக் கட்டடத்துக்குக் கீழே 13,659 மரங்கள் நிற்கின்றன. இங்குள்ள பள்ளிப் பிள்ளைகள் அதை நினைவு வைத்திருக்கும் விதம் அருமை: வருடத்தின் நாட்கள் 365, முன்னால் ஒரு 1, பின்னால் ஒரு 9. நம் பிள்ளைகளுக்கு இது முன்பே தெரிந்திருக்கலாம். அதைத் தமிழில், பதின்மூன்றாயிரத்து அறுநூற்று ஐம்பத்தொன்பது என்று சொல்லவைத்துப் பாருங்கள். எண்ணுப்பெயர்ப் பாடம் அதிலேயே முடிந்துவிடும்.

வேலை நடந்துகொண்டிருக்கும்போதே, 1652 ஜூலை 7ஆம் தேதி பழைய நகரமன்றம் எரிந்துபோனது. இரண்டு நாள் கழித்து ஓவியர் ரெம்பிராண்ட் வந்து அதன் எரிந்த எச்சத்தை வரைந்தார். புதிய கட்டடத்தை 1655 ஜூலை 29இல், முழுதாக முடியாத நிலையிலேயே திறந்துவிட்டார்கள். மேலே உள்ள குவிமாடம் நிறைவுற 1665 ஆனது. வான் கம்பன் இடையிலேயே விலகிக்கொண்டார். டானியல் ஸ்டால்பார்ட் பொறுப்பேற்று முடித்தார். வெளிச்சுவர் முழுக்க ஜெர்மனியிலிருந்து வந்த மணற்கல். கட்டியபோது மஞ்சள் சாயலோடு ஒளிர்ந்த கல் காலப்போக்கில் கறுத்துப்போனது.

இனி என் வேண்டுகோளின் முக்கியமான இடம். தயவுசெய்து சதுக்கத்திலிருந்து தொடங்காதீர்கள். பிள்ளைகளைப் பின்பக்கத்துக்குக் கூட்டிப்போங்கள், டிராம் ஓடும் தெருவுக்கு. அங்கே நின்று தலையை நிமிர்த்தினால், உச்சியில் கிரேக்கக் கதையில் வரும் அட்லஸ் உலக உருண்டையைத் தோளில் சுமந்துகொண்டு நிற்பது தெரியும். அதற்குக் கீழே முக்கோண முகட்டில் ஆர்ட்டுஸ் குவெலினுஸும் அவருடைய பட்டறையும் செதுக்கிய சிற்பத்தொகுதி. நடுவில் ஆம்ஸ்டர்டாம் நகரம் ஒரு பெண்ணாக அமர்ந்திருக்கிறாள். இரண்டு பக்கத்திலிருந்தும் ஐரோப்பா, ஆசியா, ஆப்பிரிக்கா, அமெரிக்கா என்று நான்கு கண்டங்களும் தங்கள் பொருட்களைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைக்கின்றன.

கொண்டுவந்து கொடுக்கிறார்களாம். கல்லில் அப்படித்தான் இருக்கிறது. இந்த இடத்தில் பத்து நிமிடமாவது நிற்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். ஏனென்றால் அந்தக் கல் செதுக்கப்பட்ட வருடங்களில் நம் பக்கத்தில் என்ன நடந்தது என்று நமக்குத் தெரியும். 1658இல் ரைக்லோஃப் வான் கூன்ஸ் தலைமையில் ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பனியின் படை யாழ்ப்பாணத்தைப் பிடித்தது. அதே வருடம் நாகப்பட்டினமும் போர்த்துக்கேயரிடமிருந்து கை மாறியது. பழவேற்காட்டில் அவர்கள் 1613லேயே கோட்டை கட்டியிருந்தார்கள். 1659 முதல் 1661 வரை தஞ்சாவூர்ச் சீமையில் கொடும் பஞ்சம். சோற்றுக்கு வழியில்லாமல் தங்களையும் பிள்ளைகளையும் விற்றவர்களைக் கம்பனி ஆயிரக்கணக்கில் வாங்கி, அடிமைகளாகக் கப்பல் ஏற்றியது. ஆசியா பொருள் கொண்டுவந்து வைக்கிற அந்தச் சிற்பத்தில் அவர்கள் யாரும் இல்லை.

நியாயமாக ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். கம்பனியின் தலைமைக் கந்தோர் இந்தக் கட்டடம் இல்லை. அது சில நிமிட நடை தூரத்தில், அவ்தே ஹோக்ஸ்திராத் தெருவில் இருக்கிறது. இன்று அது பல்கலைக்கழகத்தின் கையில். ஆனால் கம்பனியின் பதினேழு இயக்குநர்களில் எட்டுப் பேரை ஆம்ஸ்டர்டாம் கிளைதான் அனுப்பியது. நகரத்தை ஆண்ட குடும்பங்கள்தான் கம்பனியையும் நடத்தின. நிக்கோலாஸ் விட்சன் பதின்மூன்று தடவை நகரத்தலைவராக இருந்தவர், கம்பனி இயக்குநரும் அவரே. கணித அறிஞர் யோஹான்னஸ் ஹுட்டவும் அப்படித்தான். காலையில் இந்தக் கந்தோர், மத்தியானம் அந்தக் கந்தோர் என்று நடந்து போகிற தூரம். பிள்ளைகளை அந்தத் தூரத்தை நடக்கவைத்துப் பாருங்கள்.

அப்புறம் முன்பக்கம். இவ்வளவு பெரிய கட்டடத்துக்குப் பெரிய வாசல் கிடையாது என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். கீழே ஏழு வளைவுகள், குடியரசின் ஏழு மாகாணங்களுக்கு. எல்லாம் சிறியவை. கலகம் வந்தால் கூட்டம் ஒரேயடியாக உள்ளே நுழைந்துவிடக் கூடாது என்ற எண்ணமும் அதில் உண்டு. உச்சியில் அமைதித் தாய் ஒலிவக் கிளையோடு நிற்கிறாள். இப்போது எல்லோரும் படம் எடுக்கிற, ராஜா வந்து கையசைக்கிற மேல்மாடம், வான் கம்பன் வரைந்ததில் இல்லை. 1808இல் ஒட்டவைத்தது.

உள்ளே போனால் மேல்மாடியில் குடிமக்கள் மண்டபம். ஏறத்தாழ 120 அடி நீளம், 60 அடி அகலம், 90 அடி உயரம், எங்கும் மார்பிள். யார் வேண்டுமானாலும் வந்து நிற்கலாம் என்று கட்டிய மண்டபம் அது. தரையில் மூன்று பெரிய வட்டங்கள்: நடுவில் வடவானத்து நட்சத்திரங்கள், இரண்டு பக்கமும் பூமியின் இரண்டு பாதிகள். அதாவது ஆம்ஸ்டர்டாம்வாசி ஒருவர் நடந்தால் உலகம் காலடியில் இருக்கும். நான் அந்தத் தரையில் குனிந்து, இந்தியாவின் முனையைத் தேடி, அதற்குப் பக்கத்தில் நம் தீவைத் தேடினேன். ஒரு காலடிக்குள் மறைந்துபோகிற அளவு. என் சப்பாத்தை எடுத்து அந்தப் பக்கம் வைத்தேன். ஏனோ அங்கே மிதிக்க மனம் வரவில்லை. பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்று பார்க்க ஆசையாக இருக்கிறது. மிதிக்கட்டும், உட்காரட்டும், பருத்தித்துறை எங்கே, தூத்துக்குடி எங்கே என்று விரலால் தொடட்டும்.

அந்த மண்டபத்தைச் சுற்றித்தான் ஒவ்வொரு கந்தோரும். படிக்கத் தெரியாதவருக்கும் எந்தக் கதவுக்குள் என்ன நடக்கிறது என்று புரியும்படி கதவின்மேல் சிற்பம் வைத்திருக்கிறார்கள். இந்தக் கட்டடத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். செயலாளர் அறையின் வாசலில் இறந்த எசமானைக் காக்கும் ஒரு நாய், உதட்டில் விரல் வைத்த ஒரு பெண்: விசுவாசமும் வாய்மூடலும். கடன்பட்டு நொடித்தவர்களின் வழக்கைத் தீர்த்த அறையின் கதவுக்கு மேல், சிறகு உருகி வானத்திலிருந்து விழும், கிரேக்கக் கதையின் இக்காருஸ். அதோடு உள்ள தோரணத்தை உற்றுப் பாருங்கள். பழமும் பூவும் இருக்க வேண்டிய இடத்தில் காலிப் பெட்டிகள், கட்டாத கணக்குச் சீட்டுகள், அவற்றைக் கொறிக்கிற எலிகள். ஒவ்வொரு எலிக்கும் வால் தனித்தனியாகச் செதுக்கியிருக்கிறது. கடையை மூடிவிட்டு இந்தக் கதவுக்கு முன்னால் முறை வரக் காத்து நின்ற மனிதர் அந்த எலிகளைத்தான் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார்.

நகரத்தலைவர்கள் நான்கு பேர். அவர்கள் கூடிய அறையில் கணப்புகளுக்கு மேலே இரண்டு பெரிய ஓவியங்கள், இரண்டும் 1656இல் வரைந்தவை. கோவெர்ட் ஃபிளிங்க் வரைந்ததில் ரோமானியத் தலைவர் ஒருவர் தங்கத்தை மறுத்து, கிழங்கு போதும் என்கிறார். லஞ்சம் வாங்காதே என்று அர்த்தம். பெர்டினான்ட் போல் வரைந்ததில் பிர்ருஸ் அரசன், ரோமிலிருந்து தூது வந்த ஃபாப்ரிசியுஸைப் பயமுறுத்தத் திடீரென்று திரையை விலக்கி யானையைக் காட்டுகிறான். தூதர் அசையவில்லை. ஆள்கிறவன் மிரட்டலுக்கு மசியக் கூடாது என்று அர்த்தம். அந்த யானைக்கு முன்னால்தான் நான் நெடுநேரம் நின்றேன். படம் வரைந்து இரண்டே வருடத்தில் இவர்கள் கையில் வன்னியின் உண்மையான யானைகளும் வந்துவிட்டன. வன்னிக் காட்டில் பிடித்து, கடல்நீரேரியைக் கடக்கவைத்து, யாழ்ப்பாணத்துக்கு ஓட்டிவந்து, இந்தியாவிலிருந்து வந்த வியாபாரிகளுக்குக் கம்பனி விற்றது. அந்தக் கடவைக்குப் பெயர் ஆனையிறவு. செய்தியில் போர்க்களமாக மட்டும் அந்தப் பெயரைக் கேட்ட நம் பிள்ளைகளுக்கு, அதில் ஆனை ஏன் வந்தது என்று சொல்ல இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்குமா?

கீழ்த்தளம் பற்றி நான் கொஞ்சம் தயங்கித்தான் எழுதுகிறேன். அங்கே சிறையறைகள் இருந்தன, சித்திரவதை அறை இருந்தது, ஆம்ஸ்டர்டாம் வங்கியின் பெட்டகமும் இருந்தது. சதுக்கத்துப் பக்கம் ஒரு ஒடுங்கிய மார்பிள் அறை உண்டு. ஃபியர்ஸ்கார் என்பார்கள். மரண தண்டனையை அறிவிக்க மட்டுமே அந்த அறை. வெளியே நிற்கிற சனம் ஜன்னல் வழியாகப் பார்க்கலாம். மேலே நகரத்தலைவர்களின் பக்கமிருந்தும் ஒரு ஜன்னல் அதற்குள் திறக்கிறது. சுவரில் குவெலினுஸின் மூன்று சிற்பங்கள்: சாலமோனின் தீர்ப்பு, மகனின் இரண்டு கண்ணும் போக வேண்டிய இடத்தில் ஒன்றைத் தன்னுடையதாகக் கொடுத்த சலியூக்குஸ், பெற்ற மகன்களுக்கே மரண தண்டனை விதித்த புரூட்டுஸ். மனுநீதிச் சோழன் கதை கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு இதற்கு விளக்கமே வேண்டாம். தேர்க்காலையும் கன்றையும் ஆராய்ச்சி மணியையும் சொல்லிவிட்டு இந்தச் சுவரைக் காட்டுங்கள், அவர்களே புரிந்துகொள்வார்கள். அந்தச் சிற்பங்களுக்கு நடுவில் பெண் உருவங்கள், வெட்கத்தில் முகத்தை மூடிக்கொண்டு.

1664இல் எல்ஸ்யே கிறிஸ்தியான்ஸ் என்ற பெண்ணுக்குத் தீர்ப்பு வந்தது இங்கேதான். பதினெட்டு வயது. டென்மார்க்கிலிருந்து வேலை தேடி வந்தவள். வாடகைத் தகராறில் வீட்டுக்காரப் பெண்ணைக் கோடரியால் கொன்றுவிட்டாள். சதுக்கத்தில் மேடை போட்டு அவளைக் கழுத்தை நெரித்துக் கொன்று, உடலை நீருக்கு அக்கரையில் கம்பத்தில் கட்டித் தொங்கவிட்டார்கள், பக்கத்தில் அந்தக் கோடரியையும் மாட்டி. ரெம்பிராண்ட் போய் அதை இரண்டு தடவை வரைந்தார். சின்னப் பிள்ளைகளுக்கு இது வேண்டாம். பதினான்கு வயதுக்கு மேற்பட்ட வகுப்புகளுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. மொழி தெரியாத ஊருக்கு வேலைக்கு வந்து, வாடகை கொடுக்க முடியாமல் நின்றவர்கள் நம் குடும்பங்களிலும் இருந்தார்கள். அவள் செய்தது கொலைதான், அதை மறைக்க வேண்டாம். ஆனால் பதினெட்டு வயதில் அந்த வெள்ளை மார்பிளுக்கு முன்னால் அவள் நின்றாள் என்பதையும் நம் பிள்ளைகள் நினைத்துப் பார்க்கட்டும்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1808இல் நெப்போலியனின் தம்பி லூயி இதைத் தன் அரண்மனை ஆக்கிக்கொண்டார். தன் பார்வையை மறைக்கிறது என்று சதுக்கத்தில் இருந்த பழைய எடைச்சாவடியை இடிக்கச் சொன்னார். இரண்டே வருடத்தில் முடி துறந்து போனார். அவருடைய நாற்காலிகளும் கடிகாரங்களும் இன்னும் உள்ளே இருக்கின்றன. அதன்பின் இன்றைய அரச குடும்பமான ஒராஞ்ச் குடும்பம் வந்தது, 1936இல் அரசு இதை நகரத்திடமிருந்து விலைக்கு வாங்கியது, 2013இல் பியாட்ரிக்ஸ் ராணி முடி துறந்து கையெழுத்திட்டதும் இங்கேதான். சுற்றுலாக் கையேடுகளில் இந்தப் பகுதிதான் அதிகம். நமக்கு அதற்கு முந்திய நூற்றறுபது வருடம்தான் வேண்டும்.

இன்னொரு விஷயம். 2021 ஜூலை 1இல் ஆம்ஸ்டர்டாம் மேயர் அடிமை முறையில் நகரத்தின் பங்குக்காக மன்னிப்புக் கேட்டார். 2023 ஜூலை 1இல் ராஜாவும் கேட்டார். இங்குள்ள பள்ளிகளில், தென் அமெரிக்காவில் இவர்கள் ஆண்ட சுரினாமைப் பற்றிப் பிள்ளைகள் படிக்கிறார்கள், அது நல்லது. யாழ்ப்பாணமும் நாகப்பட்டினமும் பழவேற்காடும் அந்தப் பாடத்தில் எவ்வளவு வருகிறது என்று உங்கள் பிள்ளைகளிடமே கேட்டுப் பாருங்கள். அதைச் சொல்லிக்கொடுக்க நம்மைவிட்டால் வேறு யார் இருக்கிறார்கள்? வாரத்தில் இரண்டரை மணி நேரம் நம் கையில் இருக்கிறது. பேச்சுப் போட்டிக்கு மனப்பாடம் செய்யவைப்பதில் ஒரு மாதம் போகிறதே, அதில் இரண்டு வாரத்தை இதற்குத் தாருங்கள்.

கோபத்தை ஊட்டச் சொல்லவில்லை. பிலிப்பஸ் பால்டேயஸ் என்ற பாதிரியார் யாழ்ப்பாணத்தில் இருந்துவிட்டு வந்து, 1672இல் இதே ஆம்ஸ்டர்டாமில் ஒரு பெரிய புத்தகம் அச்சிட்டார். அதில் தமிழ் எழுத்துகள் இருக்கின்றன. அதாவது நம் பிள்ளைகள் இன்று நோட்டுப் புத்தகத்தில் எழுதிப் பழகுகிற அ, ஆ, முந்நூற்றைம்பது வருடத்துக்கு முன்பே இந்த ஊரில் அச்சாகியிருக்கிறது. 1707இல் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற கம்பனி அதிகாரி யாழ்ப்பாணத்து வழக்கங்களைத் திரட்டி எழுதியதுதான் தேசவழமைச் சட்டம். காணி எழுதும்போது நம் பெற்றோர்கள் இன்றும் அதை வைத்துத்தான் பேசுகிறார்கள். இவையெல்லாம் ஒரே ஆட்சியின் வேலை. பஞ்சத்தில் ஆளை வாங்கியவர்களும் எழுத்தை அச்சிட்டவர்களும் ஒரே கப்பல்களில் வந்தவர்கள். இரண்டையும் சேர்த்தே சொல்லலாம், பிள்ளைகளுக்கு அது புரியும்.

அதனால் கேட்கிறேன்: அடுத்த வசந்தத்தில் படகுச் சவாரியை விட்டுவிடுங்கள். ஒரு நாள் முழுக்க இந்தக் கட்டடத்துக்கு ஒதுக்குங்கள். பின்பக்கத்து அட்லஸில் தொடங்கி, தரை வரைபடம், எலிகள், யானை என்று போய், பெரிய பிள்ளைகளோடு ஃபியர்ஸ்காரில் முடியுங்கள். கம்பனிக் கந்தோர்வரை நடக்க நேரம் இருந்தால் இன்னும் நல்லது. ஒவ்வொரு கதவுக்கும் ஒரு கேள்வி வைத்துத் தமிழில் ஒரு பயிற்சித்தாள் நான் எழுதத் தொடங்கியிருக்கிறேன். தமிழ்நாட்டுப் பெற்றோர் யாராவது நாகப்பட்டினம், தூத்துக்குடிப் பகுதியை எழுதித் தந்தால் உதவியாக இருக்கும்.

அரச விழாக்கள் நடக்கும் நாட்களில் உள்ளே விடமாட்டார்கள். நான் இரண்டு தரம் மூடிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன். தேதியை முடிவு செய்வதற்கு முன்னால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள், திறந்திருக்கிறதா என்று நான் பார்த்துச் சொல்கிறேன். பிள்ளைகளுக்குத் தடித்த காலுறை போட்டு அனுப்புங்கள். தரையில் உட்காரப் போகிறார்கள், அந்த மார்பிள் கோடையிலும் குளிரும்.

அன்புடன்,
உங்கள் பழைய மாணவி ஒருத்தியின் அப்பா